எக்ஸ்போர்ட் என்றால் ஏற்றுமதி அல்ல

கணக்கு வேலை என்றால் எண்களோடு மல்லுக்கட்டுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எண்கள் பாவம், நாங்கள் மல்லுக்கட்டுவதெல்லாம் அவற்றை அனுப்பிவைக்கிற மனிதர்களோடுதான்.

நான் ரீத்தா. ரொம்ப வருடம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அங்கே பக்கத்து மேசைக்காரி கக் நோர், மலாய்க்காரி; கக் என்றால் மலாயில் அக்கா. தொழிற்சாலை ஆள்களைக் குறைத்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து மலாக்கா மாநிலத்து ஜாசின் டவுனில் ஒரு கிளினிக்குக்கு மேல்மாடியில் அறை எடுத்து, சொந்தமாகக் கணக்குச் சேவை ஆரம்பித்தோம். இனி பில்லைக் காகிதத்தில் கொடுத்தால் மட்டும் போதாது, வரி இலாகாவின் இணையத்தளம் வழியாக மின்னியல் பில்லாகவும் அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது அந்தச் சமயத்தில்தான். இ-இன்வாய்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மலாக்காவின் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் பிரஷர் ஏறியது. எங்களுக்கு வாடகை கட்ட வழி பிறந்தது.

வேலை இதுதான். கடைக்காரரின் பில் மெஷினிலோ ஹேண்ட்போன் செயலியிலோ இருக்கும் விற்பனை விவரங்களை மொத்தமாக வெளியே எடுத்து, எக்செல்லில் போட்டு, இலாகா கேட்கிற வரிசையில் அடுக்கி, ஒரே தடவையில் ஏற்றிவிடுவது. ஒவ்வொரு பில்லாக உட்கார்ந்து தட்டவேண்டிய தொல்லை இல்லை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. கண்ணை மூடினாலும் கட்டம் கட்டமாகத் தெரிகிற என் கணக்குக்கார இனத்தாரே, அது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நம்பரில் மொய்த்த ஈ

எங்களுடைய முதல் வாடிக்கையாளர் தனலெட்சுமி அக்கா. சுங்கை ஊடாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவர். பில்லையெல்லாம் ஹேண்ட்போனில் ஒரு செயலியில் போட்டு வைத்திருந்தார். அதிலிருந்து விவரங்களை எடுத்து எக்செல்லில் திறந்தோம். இலாகா தளத்தில் ஏற்றினோம். ஒன்றுவிடாமல் எல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தன. பார்த்தால், தொலைபேசி எண்களின் முன்னால் இருந்த சைபரெல்லாம் காணாமல் போயிருக்கிறது. தொழிற்சாலையின் நீளமான பதிவு எண்ணோ சுருங்கி, நடுவில் ஒரு ஆங்கில எழுத்து முளைத்து, வேறு என்னவோ ஆகியிருந்தது. எண்ணைக் கண்டால் அதைக் கூட்டிக் கழிக்கத்தான் வேண்டும் என்று எக்செல் தானாக முடிவு பண்ணிக்கொள்கிறது. இது கூட்டிக் கழிக்கிற எண் இல்லை, அடையாள எண் என்று அதற்கு நாம்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த எண்கள் நிற்கும் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்துவிட்டுத்தான் விவரங்களை உள்ளே விடவேண்டும். அன்றைக்கு நாங்கள் அப்படிச் செய்யவில்லை.

தனலெட்சுமி அக்கா எங்கள் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கக் நோருக்காக வாங்கி வந்த கறிபாப் பலகாரப் பொட்டலம் கையிலேயே இருந்தது. "அது என்னா மிஸ், என் கஸ்டமர் நம்பர் நடுவுல?" என்று கேட்டார்.

"அது 'ஈ' அக்கா," என்றேன். எண் நீளமாக இருந்தால் எக்செல் அப்படித்தான் சுருக்கி எழுதும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. முகம் மாறிவிட்டது.

"சீக்கிரமா அத வெரட்டுங்க மிஸ். சாப்பாட்டுக்காரி பில்லுல ஈ உக்காந்திருந்தா எவன் லா ஆர்டர் குடுப்பான்?"

மறைத்து நின்ற முருகன்

மாணிக்கம் அங்கிள் செர்காமில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கடற்கரையோரம் மீன் சுட்டு விற்கும் கடைகளுக்கு அரிசி, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் அவர்தான் போடுகிறார். அந்தக் கடைகள் இ-இன்வாய்ஸ் கேட்க ஆரம்பித்ததும் எங்களுக்குப் போன் பண்ணினார். நான் வழக்கம்போல, "அங்கிள், உங்க பில் மெஷின்ல இருக்கறத எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பிடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்," என்றேன். "சரிம்மா, யோசிச்சுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு, கடை லைசென்ஸை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, மாடியேறி வந்து நின்றார். "எக்ஸ்போர்ட்டெல்லாம் நமக்கு வேணாம்மா. அதுக்கு லைசென்ஸ் வேற. நான் அதிகமாப் போனா மூவார் வரைக்கும்தான் சாமான் அனுப்பியிருக்கேன்," என்றார். அவரை உட்காரவைத்து, ஏற்றுமதி வேறு, மெஷினிலிருந்து விவரத்தை வெளியே எடுக்கும் இந்த எக்ஸ்போர்ட் வேறு என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் வாட்சாப்பில் புகைப்படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. பில் மெஷினின் திரையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் மொத்த விலைக்கு மேல் அவருடைய முகம் பிரதிபலித்தது.

வேறு வழியில்லாமல் கக் நோரும் நானும் கடைக்கே போனோம். மெஷினில் எக்ஸ்போர்ட் பட்டனைத் தேடினால் காணவில்லை. கக் நோர்தான் கண்டுபிடித்தாள். திரையின் வலது மூலையில் மாணிக்கம் அங்கிள் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டிவைத்திருந்தார். பட்டன் அதற்கு அடியில் இருந்தது. எடுக்கலாமா என்று கேட்க எங்கள் இருவருக்குமே தயக்கம். நான் கிறிஸ்தவச்சி, அவள் முஸ்லிம். அந்த ஸ்டிக்கரில் கைவைக்க இரண்டு பேருக்கும் உரிமை இல்லை. எங்கள் தயக்கத்தைப் பார்த்துவிட்டு அங்கிளே கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்டிக்கரை நகத்தால் மெல்லக் கிளப்பி, கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டினார். நான் பட்டனைத் தட்டினேன். மூன்று மாத விற்பனை அத்தனையும் ஒரே கோப்பாக வந்து இறங்கியது. அங்கிள் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"இதத் தொறந்தா எனக்கு வேல கூடும்னு தெரிஞ்சுதாம்மா அவரு இத்தன நாளா மறைச்சுக்கிட்டு நின்னிருக்காரு."

நல்ல தமிழ் பேசிய மோசடிக்காரி

இ-இன்வாய்ஸ் அனுப்புவதற்கு, வாங்குகிறவருடைய வரி எண்ணும் ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணும் வேண்டும். கோப்பில் அவை இல்லாதவர்களிடம் நாங்கள்தான் போன் பண்ணிக் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் காலத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி போன் பண்ணி ஐசி நம்பர் கேட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நிறையப் பேர் பேசாமல் வைத்துவிடுவார்கள். சிலர் திட்டிவிட்டு வைப்பார்கள். ஓர் அம்மா என்னுடைய தாயார் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, அவர்கள் இதைக் கேட்டால் என்ன பாடுபடுவார்கள் என்று அழுதார்.

சவரிமுத்து அப்படியெல்லாம் செய்யவில்லை. போலீசிலிருந்து ஓய்வுபெற்று, இப்போது பாதுகாவலர்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவன விருந்துக்கு மாணிக்கம் அங்கிள் கடையில் மொத்தமாகச் சாமான் வாங்கியிருந்தார். நான் போன் பண்ணியதும் ரொம்ப மரியாதையாகப் பேசினார். என் பெயர், ஆபீஸ் இருக்கும் இடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "எழுதிக்குங்க," என்று எண்ணை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டுக் கட்டத்தில் தட்டினேன். இலாகா தளம் ஏற்றுக்கொள்ளவில்லை. கக் நோர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது போன் நம்பர் மாதிரியில்ல இருக்கு," என்று சொல்லித் தன் ஹேண்ட்போனில் அழுத்தினாள். மறுமுனையில் எடுத்தது போலீஸ் நிலையம். அவள் சட்டென்று வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவரைச் சுற்றிச் சின்னக் கூட்டம். "எனக்கே போன் பண்ணுது, தைரியத்தப் பாருங்க. நல்ல தமிழ் வேற. பேரு ரீத்தாவாம்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் கோப்பிக் குவளையோடு போய் அவர் முன்னால் நின்று, "அந்த ரீத்தா நான்தாங்க ஐயா," என்றேன். பங்குத்தந்தை வந்து, எனக்கு ஞானஸ்நானம் ஆனது இந்தக் கோயிலில்தான் என்று சாட்சி சொல்லவேண்டியதாகிவிட்டது. சவரிமுத்து ஐயா ரொம்ப வருத்தப்பட்டார். அங்கேயே உண்மையான எண்ணைச் சொன்னார். காரணத்தையும் சொன்னார்.

"எனக்குச் சந்தேகமே வந்திருக்காதும்மா. நீங்க 'தயவுசெஞ்சு தயவுசெஞ்சு'ன்னு சொன்னீங்க பாருங்க, நிஜமான ஆபீஸ்காரங்க யாரும் அப்படிப் பேசமாட்டாங்க."

பிசிங் டீச்சர்

மஸ்ஜித் தானாவில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் கணேசன் நல்ல மெக்கானிக். ஆனால் வாடிக்கையாளர் பெயர்களை அவர் கணினியில் பதிவு பண்ணி வைத்திருந்த விதம் வேறு. கோப்பை எக்செல்லில் திறந்து முதல் சில பெயர்களை நான் வாசித்து அர்த்தம் சொன்னதும் கக் நோர் சிரித்த சிரிப்பில் கீழே கிளினிக் நர்ஸ் மேலே வந்து எட்டிப் பார்த்தார். 'வெள்ளை வேன் வாத்தியார்', 'தலைவலி', 'பேரம் அண்ணாச்சி', 'சும்மா கேக்க வந்தவர்' என்று ஒரு பட்டியல். காகித பில்லில் கார் நம்பரை மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தாராம். பெயர்கள் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்திருக்கிறார். இ-இன்வாய்ஸ் நேராக வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் போகும், அதில் பெயர் முதல் வரியில் இருக்கும் என்று சொன்னதும் அவருக்கு வேர்த்துவிட்டது. "மிஸ், இவங்கள்லாம் எனக்கு ரொம்ப வேண்டியவங்க," என்றார்.

உண்மையான பெயர்களை இன்னொரு பக்கத்தில் எழுதிவைத்து, கார் நம்பரை வைத்து எக்செல்லே தேடி எடுத்துப் போடுகிற மாதிரி ஒரு சூத்திரம் அமைத்தோம். எல்லாம் மாறியது, ஒன்றைத் தவிர. 'சிகு பிசிங்' என்று ஒரு பெயர். சிகு என்றால் டீச்சர், அதனால் அவசரத்தில் ஏதோ மலாய் ஆசிரியையின் பெயர் என்று நான் விட்டுவிட்டேன். கக் நோரிடம் கேட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அவளுக்கு அன்று லீவு. பிசிங் என்றால் மலாயில் சளசளவென்று சத்தம் போடுகிறவர். அந்த ஆசிரியை மலாய்க்காரரும் இல்லை; பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை. பில் அவருடைய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் அவர் பட்டறைக்கே வந்துவிட்டார் என்று கணேசன் எனக்குப் போன் பண்ணினார். நான் பயந்துகொண்டே ஓடினேன். தப்பு எங்கள் பக்கம்தான், பில்லை ரத்து செய்துவிட்டு வேறு அனுப்புகிறோம் என்று சொன்னேன். கணேசன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரு இருக்கட்டும் தம்பி, பள்ளிக்கூடத்துலயும் அதான் சொல்றாங்க. சத்தம் போடுற என்னோட பிரேக்க மட்டும் சரிபண்ணிக் குடுங்க."

இரண்டாவது சாப்பாடு

தனலெட்சுமி அக்காவின் வேலையை முழுசாகச் சீர்பண்ணி முடித்தபோது எங்களுக்கே கொஞ்சம் பெருமை. முன்பெல்லாம் மாதக் கடைசி ஞாயிறு முழுக்க அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில் பில்லாகத் தட்டுவார். அன்று வீட்டில் சமையல் கிடையாது. ஊருக்கே சமைத்துப் போடுகிறவர் வீட்டில் மேகி. இப்போது செயலியிலிருந்து எடுக்கவேண்டியது, எங்கள் எக்செல் பக்கத்தில் ஒட்டவேண்டியது, மேலே அனுப்பவேண்டியது, அவ்வளவுதான். பில் எண்களைக்கூடக் கோப்பு தானாகவே போட்டுக்கொள்ளும். அவருக்கே சொல்லிக்கொடுத்து, எங்கள் முன்னாலேயே செய்யவைத்தோம். வாங்கிவைத்த கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அவ்ளோதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றோம். முகத்தில் திருப்தி இல்லை.

வீட்டுக்குப் போயும் அவருக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் முடிகிற வேலை சரியாக முடிந்திருக்காது என்று, எதற்கும் இருக்கட்டுமென இன்னொரு தடவை அனுப்பிவிட்டார். கோப்பு தன் கடமையைச் செய்தது. புதிதாக வரிசை எண்கள் போட்டது. அதனால் இலாகா தளமும் அவற்றைப் புது பில்கள் என்று நினைத்து வாங்கிக்கொண்டது. அந்த மாதம்தான் தொழிற்சாலையில் சாப்பாட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் சமையற்கட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்கெல்லாம் அந்த ஒரு ஒப்பந்தம்தான் ஆதாரம். தளத்தில் எல்லாம் இரண்டிரண்டாக நிற்பதைப் பார்த்துவிட்டுக் காலையில் அக்கா எங்களைக் கூப்பிட்டார். "கள்ளக் கணக்கு அனுப்பிட்டேன்னு நெனைப்பாங்க மிஸ். இத்தன வருசம் ஒரு பேச்சு வாங்குனதில்ல," என்றார்.

நல்ல வேளையாக, அனுப்பிய பில்லைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் ரத்து செய்ய வழி இருக்கிறது. கக் நோர் ரத்து செய்துகொண்டே வர, நான் தொழிற்சாலையின் கணக்கு அதிகாரியைக் கூப்பிட்டேன். மலாய்ப் பெண்மணி, அதட்டலான குரல். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். இயந்திரம் சீக்கிரம் முடித்துவிட்டது என்பதால் நம்பிக்கை வராமல் அக்கா மறுபடி அனுப்பிவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர், தான்கூட இப்படித்தான், கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் என்றார். ஒப்பந்தம் அக்காவுக்கே கிடைத்தது. நாங்கள் கோப்பில் 'அனுப்பியாச்சு' என்று ஒரு பத்தி சேர்த்து, ஒருமுறை அனுப்பியதும் அந்த வரி பச்சையாகிப் பூட்டிக்கொள்கிற மாதிரி செய்தோம். ஒப்பந்தக் கடிதத்தை வாங்க அக்கா போனபோது அதிகாரி கேட்டாராம்.

"பில்லு ரெண்டு தடவ வந்துச்சு, சரி. எங்க ஆளுங்க அந்த ரெண்டாவது சாப்பாடு எங்கன்னு கேக்குறாங்களே, நான் என்னா சொல்ல?"

திட்டாத கோப்பு

சாந்தி வந்த அன்று மடிக்கணினியை மேசையில் வைத்து, அதைத் திறக்காமலே என் பக்கம் தள்ளினாள். என்னைவிட வயதில் சிறியவள். அவளும் அவள் கணவர் ரவியும் சேர்ந்து லாரி சேவை நடத்தினார்கள். ஓட்டுநர்களையும் லாரிகளையும் அவள் பார்த்துக்கொள்வாள், பில்லும் கணக்கும் அவர். ஒருநாள் கிளேபாங் கடற்கரையில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. லாரி ஓட்டம் நிற்கவில்லை. ஆனால் சரக்கு அனுப்புகிற கிடங்கு, இனி இ-இன்வாய்ஸ் இல்லாமல் எந்த பில்லையும் எடுக்கமாட்டோம், இந்த மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு லாரிக்காரரைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது.

ரவி தானே உட்கார்ந்து வருடக்கணக்காகக் கட்டிய எக்செல் கோப்பு அது. கெட்டிக்காரர். ஆனால் எல்லாம் அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி. கட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டிருந்தார். தேதிகளைத் தன் போக்கில் எழுதியிருந்தார். அதை எக்செல் மாதம் முன்னால், நாள் பின்னால் என்று எடுத்துக்கொண்டது. மார்ச் பதினொன்றில் ஓடிய லாரியெல்லாம் நவம்பர் மூன்றில் ஓடப்போவதாகக் காட்டியது. இன்னும் நடக்காத பயணத்துக்கு எப்படி பில் என்று இலாகா தளம் அத்தனையையும் திருப்பி அனுப்பியது. இன்னொன்றும் இருந்தது. ஏதாவது கட்டத்தைக் காலியாக விட்டாலோ, தப்பாகத் தட்டினாலோ, ஒரு சின்னப் பெட்டி எழும்பி வரும். 'சாந்தி, டிரைவர் பேரு எங்க?' 'சாந்தி, தூங்குறியா?' 'சாந்தி, மறுபடி பாரு.' ரவிக்கு உடம்புக்கு முடியாத நாள்களில் அவள் தட்டவேண்டியிருக்கும் என்று போட்டுவைத்தவை. நான் தெரியாத்தனமாக ஒரு கட்டத்தை அழித்தபோதுதான் முதல் பெட்டி வந்தது. கக் நோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பழைய கோப்பை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது, புதிதாகத்தான் செய்யவேண்டும் என்று சாந்தியிடம் மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெட்டிகளை என்ன செய்ய என்றும் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "எடுத்துடுங்க மிஸ். அவரு இருந்தப்பவே அது எனக்குப் பிடிக்காது. அதுக்காக எத்தன சண்டை போட்டிருக்கோம் தெரியுமா?" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். நாங்களும் அவள் சொன்னபடியே செய்தோம். புதுக் கோப்பு சுத்தமாக இருந்தது. தேதிகள் ஒரே மாதிரி நின்றன, ஓட்டுநர் பெயர்கள் பட்டியலிலிருந்து தாமாக வந்தன. மாதக் கடைசிக்கு முன்பே எல்லா பில்லும் பச்சையாக ஏறின. கிடங்கிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது, லாரிகளைத் தொடர்ந்து அனுப்பச் சொல்லி. சாந்தி அதை எனக்கு வாட்சாப்பில் அனுப்பி, கூடவே ஒரு கும்பிடு போட்டாள்.

அடுத்த மாதம் அவள் போன் பண்ணினாள். கோப்பில் பிரச்சினையா என்று கேட்டேன். இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது என்றாள். ஒரு பில்லில் ஓட்டுநர் பெயரை விட்டுவிட்டாளாம். புதுக் கோப்பு அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டுச் சும்மா இருந்ததாம். சரிசெய்து அனுப்பிவிட்டாள். அதைச் சொல்லிவிட்டு, பின்னால் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் அடங்கியதும் கேட்டாள்.

"மிஸ், என்னா தப்பு பண்ணாலும் இது ஒண்ணும் சொல்லமாட்டேங்குது. பழைய மாதிரி என்னைத் திட்ட வச்சிடுறீங்களா?"

ஒரே பட்டன்

பிரான்சிஸ் அலோர் காஜாவில் பந்தல், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர் நாற்காலிதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்குக் கணினி தெரியாது மிஸ். யாரு வந்து தட்டுனாலும் வேலை முடியற மாதிரி செஞ்சு குடுங்க." கக் நோர் இதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டாள். சைபர் தொலையாது, தேதி மாறாது, ஒரே பில் இரண்டு தடவை போகாது. எல்லா வேலையும் பின்னால் தானாக நடக்கும். முன்னால் ஒரே ஒரு பெரிய பட்டன், பச்சை நிறம். இதற்கு முன்னால் இவ்வளவு அழகான கோப்பை நாங்கள் செய்ததில்லை.

ஒவ்வொரு மாதமும் அவர் வேலைக்கு நாங்கள் ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டிருந்தோம். கோப்பைக் கொடுத்துச் சில மாதம் கழித்து அவரே வந்தார். கையில் பெரிய கேக் பெட்டி. கோப்பு பிரமாதம் என்றார். நாற்காலி தூக்குகிற ஆள்கூட அதைத் தட்டுகிறானாம். கோயில் கமிட்டியில் இருக்கிற சிநேகிதர்களுக்கெல்லாம் காட்டினாராம், எல்லாரும் ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்களாம். கக் நோர் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டாள். அவர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"அவ்ளோ நல்லா செஞ்சு குடுத்திட்டீங்க மிஸ். அதான் இனிமே நீங்க தேவைப்படல லா."

வாடிக்கையாளரின் வேலையைச் சுலபமாக்குவதுதான் எங்கள் தொழில் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறோம். எவ்வளவு சுலபமாக்குவது என்பதை மட்டும் இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்குள் பேசி முடிவுசெய்கிறோம்.